காலையில் காணாமல் போகிறவள்

அழுதுகொண்டு வருகிறவர்களுக்கு மேடம் டீ சொல்வார். கத்திக்கொண்டு வருகிறவர்களுக்குத் தண்ணீர். அன்று வந்த மனிதர் இரண்டும் செய்யாமல் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். கைபேசியைத் திரை மேலே தெரியும்படி மேஜையில் வைத்துவிட்டு, "எங்க கூட்டத்துக்குள்ளேயே ஒரு திருடன் இருக்கான்" என்றார். மேடம் டீயும் தண்ணீரும் சேர்த்தே சொன்னார்.

நான் மேடத்தின் உதவியாள். மேடம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய் க்ளெய்ம்களை மோப்பம் பிடித்தே தலை நரைத்தவர். ஓய்வு பெற்ற பிறகு சும்மா இருந்தால் மூக்கு துருப்பிடித்துவிடும் என்று துப்பறியும் அலுவலகம் திறந்தார். என்னை 'வால்' என்று கூப்பிடுவார். பின்னாலேயே வருவதாலா, சேட்டை செய்வதாலா என்று ஒருநாள் கேட்டேன். ஒட்ட நறுக்கியும் மறுபடி வளர்வதால் என்றார்.

வந்தவருக்கு அவருடைய கூட்டத்தில் 'பூட்டு' என்று பெயர். பகலில் ஒரு பெரிய மளிகைக் கடையின் பில் போடும் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. மாலையானால் சம்பளமில்லாத இன்னொரு வேலை. சண்டையிலும் வெள்ளத்திலும் குடும்பத்தைத் தொலைத்தவர்கள் ஒருவரையொருவர் தேடிக்கொள்வதற்காக 'கூப்பிடு' என்று ஒரு செயலி இருக்கிறது. அதை எழுதிப் பராமரிக்கிற தன்னார்வலர்களில் இவர்தான் முதல் ஆள். மற்றவர்கள் நாலு திசையிலும் இருக்கிறார்கள். உண்மைப் பெயரை யாரும் யாரிடமும் கேட்பதில்லை. பட்டப்பெயரோடு வருவார்கள், வேலை செய்வார்கள், போவார்கள்.

அந்தச் செயலியின் உள்வேலை முழுவதும் உலகத்துக்கே திறந்து கிடக்கிறதாம். யார் வேண்டுமானாலும் படிக்கலாம், குறை சொல்லலாம், திருத்தம் அனுப்பலாம். எனக்குப் பொறுக்கவில்லை. கதவைத் திறந்து போட்டுவிட்டுப் பூட்டு என்று பெயர் வைத்துக்கொண்டால் எப்படி என்று கேட்டேன். மனிதர் கோபப்படவில்லை.

"பூட்டு எப்படிச் செஞ்சதுன்னுதான் ஊருக்குக் காட்டறோம். சாவி அவங்கவங்க கையில இருக்கு. எங்ககிட்டகூட இல்ல."

விஷயம் இதுதான். தொலைவில் உள்ள ஒரு முகாமிலிருந்து நர்ஸ் ஒருவர் புகார் அனுப்பியிருந்தார். அங்கே ஒரு பெண்ணின் பதிவு தினமும் விடியலில் அழிந்துபோகிறது. மறுபடி பதிந்தால் பகல் முழுக்க இருக்கிறது. மறுநாள் காலையில் பார்த்தால் இல்லை. முகாமில் வேறு யாருக்கும் இப்படி நடக்கவில்லை. வெளியிலிருந்து யாராவது புகுந்தார்களா என்று பூட்டும் கூட்டாளிகளும் சல்லடை போட்டுச் சலித்துவிட்டார்கள். ஒரு தடமும் இல்லை.

அந்தப் பெண் யார் என்று மேடம் கேட்டார். தெரியாது, தெரிந்துகொள்ளவும் கூடாது என்றார் பூட்டு. முகாமில் இருப்பவர்களைத் துரத்தி வந்தவர்கள் இன்னும் துரத்திக்கொண்டுதான் இருக்கிறார்கள். பெயர்கள் அவர்கள் கையில் சிக்கினால் அத்தனை பேரும் தொலைந்தார்கள். அதனால் எழுதுகிற இவர்களே யாருடைய பதிவையும் படிக்க முடியாதபடிதான் செயலியைக் கட்டியிருக்கிறார்கள். இப்போது உள்ளே ஒருவன் ஒரு பெண்ணை மட்டும் குறிவைத்து அழிக்கிறான் என்றால், நாளைக்கு மற்றவர்களையும் காட்டிக்கொடுப்பான். ஆள் யார் என்று தெரியாவிட்டால் இந்த வாரக் கடைசியில் 'கூப்பிடு'வை மூடிவிடுவது என்று கூட்டத்தில் முடிவாகியிருந்தது. மூடினால், தேடிக்கொண்டிருக்கும் எல்லோரும் மறுபடி நடுத்தெருவில் நிற்பார்கள்.

"அந்தப் பொண்ணு தினமும் காலையில எழுந்து தன்னையே காணோம்னு பாக்கறா மேடம். அதை நினைச்சா எனக்குச் சோறு இறங்கல."

பேசும்போதே இரண்டு தடவை கைபேசியைப் பார்த்துக்கொண்டார். மணி பார்க்கிறார் போலிருக்கிறது என்று நினைத்தேன். சுவரில் கடிகாரம் இருந்தது.

*

அவர்களுடைய அறை ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. கீழே இயந்திரம் ஓடினால் மேலே மேஜை நடுங்கும். யாரோ வேண்டாமென்று கொடுத்த கணினிகள், மடக்கு நாற்காலிகள், பால்பவுடர் டப்பாவில் பேனாக்கள். சுவரில் பூட்டின் கையெழுத்தில் அவர்களுடைய கட்டுப்பாடுகள் ஒட்டியிருந்தன. 'ஒருவர் எழுதுவதை இன்னொருவர் படித்த பிறகே சேர்க்க வேண்டும்.' 'எதை மாற்றினாலும் ஏன் என்று ஒரு வரி எழுத வேண்டும்.' 'சோதனைக்கு நிஜ மனிதர்களைப் பயன்படுத்தக் கூடாது.'

மூன்றாவதைப் படித்துவிட்டு, எங்கள் மேடம் என் மேலேயே எல்லாச் சோதனையும் செய்கிறாரே, இதை ஒரு காப்பி எடுத்துக் கொடுப்பீர்களா, கீழேதான் ஜெராக்ஸ் கடை இருக்கிறதே என்றேன். மேடம் என்னைப் பார்த்த பார்வையில் நறுக்கல் இருந்தது.

அங்கே 'மைனா' என்று ஒரு பெண் இருந்தார். பகலில் கால் சென்டரில் பேசிப் பேசித் தொண்டை கட்டி, மாலையில் இங்கே வந்து வாயைத் திறக்காமல் மற்றவர்கள் எழுதியதைப் படித்துச் சரிபார்ப்பவர். பூட்டு எழுதுகிற எதையும் படித்துச் சரி சொல்வது பெரும்பாலும் இவர்தான்.

செயலி எப்படி வேலை செய்கிறது என்று காட்டச் சொன்னார் மேடம். பூட்டு ஒரு பழைய கைபேசியை எடுத்தார். பெயர் கேட்பதில்லை, ஊர் கேட்பதில்லை. வீட்டுக்குள் இருந்தவர்களுக்கு மட்டும் தெரிந்த மூன்று விஷயங்கள் போதும். வீட்டில் என்ன செல்லப்பெயர், உடம்பில் எங்கே என்ன தழும்பு, வீட்டில் எல்லோரும் திட்டிக்கொண்டே தூக்கிப்போடாமல் வைத்திருந்த பொருள் எது. கடைசிக் கேள்வி மைனாவின் யோசனையாம். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காகப் படங்கள் உண்டு, தொட்டால் போதும். மூன்றும் கைபேசிக்குள்ளேயே பூட்டப்பட்டு ஒரு நீள எண்ணாக மாறிவிடும். தேடுகிறவரும் தேடப்படுகிறவரும் ஒரே மூன்று விஷயத்தைச் சொல்லியிருந்தால் இரண்டு எண்ணும் ஒன்றாக இருக்கும். எதையும் திறந்து படிக்காமலே இரண்டு பேரையும் சேர்த்துவிடலாம்.

"அப்படிச் சேர்ந்தா ரெண்டு பேர் போன்லயும் மணி அடிக்கும். அவங்க எழுதி வச்ச சேதி அப்போதான் திறக்கும்" என்றார் பூட்டு.

சொல்லிக்கொண்டே ஒரு பதிவைச் செய்து காட்டினார். மேடத்தைப் பார்த்துப் பேசியபடியே கட்டைவிரல் 'கடுகு' என்று தட்டியது. உடம்புப் படத்தில் இடது மணிக்கட்டைத் தொட்டது. சூட்டுத் தழும்பைத் தொட்டது. படங்களைத் தள்ளிக்கொண்டே போய்ப் பிடி உடைந்த குடை ஒன்றில் நின்றது. ஒரு தடவைகூட அவர் திரையைப் பார்க்கவில்லை.

"கடுகா? அப்போ மிளகு, சீரகம் எல்லாம் எந்தப் பெட்டியில?" என்றேன்.

அது சோதனை ஆள் என்றார். அப்படி ஒருத்தி கிடையாது. செயலியில் எதை மாற்றினாலும் ஓடுகிறதா என்று பார்க்க, எந்த நாட்டில் உள்ள தன்னார்வலரும் இந்தக் கடுகைத்தான் பதிந்து பார்ப்பார். தினமும் பத்திருபது கடுகு சேரும். அவை நிஜ ஆட்களோடு கலந்துவிடக் கூடாது என்று 'துடைப்பம்' என்று ஒன்றை எழுதி வைத்திருக்கிறார்கள். அது தானாக ஓடிக் கடுகுகளைக் கூட்டித் தள்ளிவிடும்.

மேடம் தலையாட்டினார். அவர் தலையாட்டினால் கேட்கவில்லை என்று அர்த்தம். மூக்கின் மேல் விரல் வைத்தால்தான் கேட்கிறார். அப்போது விரல் மூக்கின் மேல் இருந்தது, தலையும் ஆடியது. இதற்கு முன் நான் அப்படிப் பார்த்ததில்லை.

எனக்கு மைனா மேல் சந்தேகம். காரணம் இல்லாமல் இல்லை. தினமும் விடியலில் உள்ளே நுழைகிற ஒரே ஆள் அவர்தான் என்று அவர்களுடைய கணினியே சொன்னது. கையும் களவுமாகப் பிடித்த மிதப்பில் அவரிடமே கேட்டுவிட்டேன். மைனாவுக்குக் கோபம் வரவில்லை, களைப்புதான் தெரிந்தது. அப்பாவுக்கு விடியற்காலையில் மாத்திரை கொடுக்க வேண்டுமாம். அதற்குப் பிறகு தூக்கம் வராது.

"வந்து, எத்தனை ஜோடி சேர்ந்திருக்குன்னு பாப்பேன். யாரு என்னன்னு தெரியாது, எண்ணிக்கை மட்டும்தான். ஒரு ஜோடி சேர்ந்திருந்தாக்கூட அன்னிக்கு அப்பா என்ன திட்டினாலும் உறைக்காது."

நான் தலையைச் சொறிந்துகொண்டேன். மேடம் அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். விடியலில் முதலில் எது நடக்கும்?

"முதல்ல துடைப்பம். கூட்டி முடிச்ச பிறகுதான் ஜோடி சேர்க்கிறது" என்றார் மைனா.

படியிறங்கும்போது, அந்தப் பெண்ணை நேரில் பார்க்க வேண்டும் என்றார் மேடம். நர்ஸ் விவரம் எதுவும் சொல்ல மாட்டாரே, கட்டுப்பாடு இருக்கிறதே என்றேன். நாம் எதுவும் கேட்கப் போவதில்லை என்றார்.

*

மறுநாள் காலைப் பஸ்ஸில் போனோம். வழி முழுக்க நான் பேசிக்கொண்டே வந்தேன். மைனா இல்லையென்றால் வேறு நாட்டில் உள்ள ஒருவன், அவனும் இல்லையென்றால் நர்ஸே, நர்ஸும் இல்லையென்றால் கடைசியில் நான்தான் என்று வரிசையாகச் சொன்னேன். மேடம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

முகாம் ஒரு பழைய சரக்குக் கிடங்கில் இருந்தது. உள்ளே துணியைக் கட்டிக் கட்டி வீடுகளாகப் பிரித்திருந்தார்கள். ஒரு மூலையைத் தகரம் வைத்துத் தடுத்தால் அதுதான் மருந்து அறை. நர்ஸ் எங்களை மருந்துப் பெட்டிகளின் மேல் உட்கார வைத்தார். நடுவயதுக்காரர். செருப்பு தேய்ந்து ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. அலமாரியின் மேல்தட்டில் ஒரு கைபேசி சார்ஜில் இருந்தது. அதன் உடைந்த திரையைக் காயத்துக்குப் போடுகிற பிளாஸ்திரியால் ஒட்டியிருந்தார்கள்.

அந்தப் பெண்ணைப் பார்க்க வந்திருக்கிறோம் என்றார் மேடம்.

"அவங்க இல்ல" என்றார் நர்ஸ்.

எப்போது வருவார்கள் என்று கேட்டேன். இந்த வாயை வைத்துக்கொண்டு நான் கேட்டதிலேயே மோசமான கேள்வி அது.

மார்ச்சளி முற்றிவிட்டதாம். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நர்ஸ் புகார் எழுதியதே அதற்குப் பிறகுதான். அப்படியானால் தினமும் பதிவது யார் என்று மேடம் கேட்டார். நர்ஸ் அலமாரித் தட்டைப் பார்த்தார்.

"நான்தான். கடைசியில என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'நிறுத்திடாதே'ன்னாங்க. எப்போ நிறுத்தணும்னு சொல்லல."

காலையில் வந்து முதல் வேலையாக அந்தக் கைபேசியைத் திறந்து பதிந்துவிடுவாராம். பச்சை விளக்கு வரும். மறுநாள் காலையில் சாம்பல் நிறமாகியிருக்கும். உயிரோடு இருந்தபோது அந்தப் பெண்தான் இதைத் தினமும் செய்துகொண்டிருந்தார். முதலில் தன் ராசி அப்படி என்று சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றது. தான் தேடுகிறவன் தன்னைப் பார்த்துவிட்டு வேண்டாமென்று அழித்துவிடுகிறானோ என்று ஒருநாள் நர்ஸிடம் கேட்டாராம். கேட்டுவிட்டு, "கோபம் வந்தா அவன் அப்படித்தான், தணிஞ்சதும் தானா வருவான்" என்று அவரே அவனுக்குப் பரிந்தும் பேசினாராம்.

மேடம் தன் இடது மணிக்கட்டை நீட்டினார்.

"நான் எதையும் கேக்கல. நான் சொல்றேன். நீங்க வாயைத் திறக்க வேண்டாம். சின்ன உருவம். வீட்ல கடுகுன்னு கூப்பிடுவாங்க. இந்த இடத்துல சூடு பட்ட தழும்பு. வீட்ல பிடி உடைஞ்ச ஒரு குடை இருந்தது."

நர்ஸ் ஒரு வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். கை நின்றுவிட்டது. அவர் வாயைத் திறக்கவே இல்லை, கண்ணீர் மட்டும் வந்தது.

மேடம் எப்படிப் பிடித்தார் என்பதை அப்புறம் என்னிடம் சொன்னார். பிடிபட்டதும் ரொம்ப எளிதாகத்தான் தெரிந்தது. தினமும் அழிகிறது, விடியலில் அழிகிறது, தடமில்லாமல் அழிகிறது. விடியலில் செயலிக்குள் வருகிறவர்கள் இரண்டே பேர். ஒருவர் மைனா, இன்னொன்று துடைப்பம். வீட்டில் பொருள் காணாமல் போனால் ஆள்களைச் சந்தேகப்படுவோம், துடைப்பத்தைச் சந்தேகப்படுவோமா? துடைப்பம் கடுகை மட்டும்தான் கூட்டும். அது தவறு செய்யவில்லை என்றால், அது கூட்டியவள் கடுகாகத்தான் இருக்க வேண்டும்.

"அப்போ அந்தச் சோதனை ஆள்..." என்று இழுத்தேன்.

"திரையைப் பாக்காம ஒரு மனுஷன் விரல் தழும்பு இருக்கிற இடத்துக்குப் போகுதுன்னா, அது கற்பனையா வால்?"

அந்தப் பெண் தேடியது தம்பியை என்று மட்டும் நர்ஸ் சொன்னார். கட்டுப்பாட்டை மீறி இன்னொன்றும் சொன்னார். தம்பியின் பள்ளிச் சட்டையைத் தேய்க்கும்போது பட்ட சூடு அது. குடையின் பிடியை உடைத்ததும் அதே தம்பிதான், குதிரை ஓட்டுகிறேன் என்று.

முகாம் வாசலில் நின்று மேடம் மைனாவுக்குப் போன் செய்தார். செயலியின் ஒவ்வொரு வரியிலும் எழுதியவர் பெயர் நிற்கும் என்று அவர்கள் சொல்லியிருந்தார்கள். கடுகை முதன்முதலில் எழுதியது யார், துடைப்பத்தை எழுதியது யார்? மைனா தேடிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டும் பூட்டுதான், ஏன் கேட்கிறீர்கள் என்றார். நேரில் வந்து சொல்கிறேன் என்று மேடம் வைத்துவிட்டார்.

திரும்பி வரும் பஸ்ஸில் நான் பேசவில்லை. ஏதாவது பேசு வால் என்றார் மேடம். கடைசியில், பூட்டிடம் சொல்லத்தான் வேண்டுமா, துடைப்பத்தை மட்டும் சரிசெய்யச் சொல்லிவிட்டு விட்டுவிடலாமே என்று கேட்டேன்.

"அவங்க அக்கா தினமும் அவனைக் கூப்பிட்டிருக்காங்க. அது அவனுக்குத் தெரிய வேண்டாமா?" என்றார் மேடம். பிறகு, "கோபத்துல அழிச்சிட்டான்னு அவங்க நினைச்சது மட்டும் நம்மோட போகட்டும்" என்றார்.

*

மாடியறையில் பூட்டும் மைனாவும் காத்திருந்தார்கள். பூட்டின் கைபேசி மேஜையில் மேலே பார்த்தபடி கிடந்தது. திருடன் யார் என்று கேட்டார். திருடன் யாரும் இல்லை, துடைப்பம்தான் என்றார் மேடம்.

பூட்டு முதலில் தொழில்காரராகத்தான் பதில் சொன்னார். அது நடக்காது என்றார்.

"துடைப்பம் சோதனை ஆளை மட்டும்தான் எடுக்கும். வேற யாராவது அதே பேரு, அதே தழும்பு, அதே குடை போட்டாத்தான்..."

அங்கேயே நிறுத்திவிட்டார். கீழே ஜெராக்ஸ் இயந்திரம் ஓடி மேஜை நடுங்கியது.

"இடது கையா?" என்று கேட்டார்.

"இடது கைதான்."

"எங்க இருக்கா?"

இன்ஷூரன்ஸ் கம்பெனியில் எத்தனையோ வீடுகளில் போய் எத்தனையோ சாவுகளைப் பற்றிக் கேட்டவர் மேடம். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல அவருக்கு நேரம் பிடித்தது.

"போயிட்டாங்கப்பா. நோய்ல. கூட நர்ஸ் இருந்தாங்க, தனியா இல்ல."

பூட்டு அழவில்லை. மைனா எழுந்து அவர் பக்கத்தில் போய் நின்றார், தொடவில்லை. பூட்டு தானாகவே பேசினார், யாரிடமும் இல்லாமல் சுவரிடம் பேசுவது போல. ஊரைவிட்டு ஓடும்போது அக்கா ஏறிய லாரி போய்ச் சேரவில்லை. ஒருவரும் பிழைக்கவில்லை என்றார்கள். இவர் பாதி நம்பினார், பாதி நம்பவில்லை. நம்பாத பாதிதான் இந்தச் செயலியை எழுதியது. முதலில் போட்ட தேடல் அவருடையதுதான்; துடைப்பம் பதிவுகளைத்தான் கூட்டும், தேடல்களைத் தொடாது என்பதால் அது இன்னும் அப்படியே இருக்கிறது. ஓடுகிறதா என்று சோதிக்கவும் அக்காவைத்தான் போட்டார், வேறு யாரை அவருக்குத் தெரியும்? மற்றவர்கள் சேர்ந்த பிறகு எல்லோரும் அதையே பிடித்துக்கொண்டார்கள். கடுகு என்றால் இல்லாத ஆள் என்று அவர்களிடம் சொல்லிவிட்டார்.

"ஒருநாள் காலையில மணி அடிச்சது. கிடைச்சுட்டாங்கன்னு வந்தது. நான் செருப்புகூடப் போடாம பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஓடினேன். அப்புறம்தான் தெரிஞ்சது, யாரோ சோதனைக்குப் போட்ட கடுகு. அந்த மாதிரி இன்னொரு காலை எனக்குத் தாங்காது மேடம். அன்னிக்கு உக்காந்துதான் துடைப்பத்தை எழுதினேன்."

நான் படிச்சுச் சரி சொன்னேன் என்றார் மைனா மெதுவாக. நல்லாத்தான் இருந்தது என்றார்.

அக்கா என்ன நினைத்தாள் என்று பூட்டு கேட்டார். தினமும் அழிந்ததே, அதைப் பற்றி ஏதாவது சொன்னாளா?

"ஆப் ரிப்பேர்னு நினைச்சாங்க" என்றார் மேடம். கண் சிமிட்டாமல் சொன்னார். இத்தனை காலத்தில் அவர் பொய் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

பூட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கணினி முன் உட்கார்ந்தார். இப்போது வேண்டாம், நான் செய்கிறேன் என்றார் மைனா. நர்ஸ் இன்றைக்குக் காலையிலும் பதிந்திருப்பார் இல்லையா என்று மட்டும் கேட்டார் பூட்டு. பதிந்திருப்பார் என்றேன். அப்படியானால் நாளை விடிவதற்குள் செய்தாக வேண்டும், இன்னொரு தடவை அவளைக் கூட்டித் தள்ள முடியாது என்றார்.

துடைப்பத்தை அவிழ்த்து, கடுகைத் தேடி எடுத்து, அந்த வரியை அழித்தார். ஏன் மாற்றினோம் என்று எழுதுகிற கட்டம் வந்தது. கட்டுப்பாடு அவர் எழுதியதுதான், சுவரில் ஒட்டியிருந்தது. ரொம்ப நேரம் விரல்கள் சும்மா இருந்தன. பிறகு எழுதினார்.

'இவள் சோதனை ஆள் இல்லை. என் அக்கா.'

உலகமே படிக்கலாம் என்று திறந்து வைத்த இடத்தில் அந்த வரி போய் நின்றது. இன்னொருவர் படித்துச் சரி சொல்ல வேண்டும். மைனா தன் கணினியில் அதைத் திறந்தார். ஒரே ஒரு வரிதான் அழிந்திருந்தது, ஒரே ஒரு வரிதான் எழுதியிருந்தது. கண்ணைத் துடைத்துத் துடைத்துப் படித்துவிட்டுச் சரி என்று அழுத்தினார். அன்றைக்குச் சோதனைக்குப் போட்ட கடுகுகளை அவரவரே எடுத்துவிடும்படியும், இனி வேறு பெயரில் சோதிக்கும்படியும் கூட்டாளிகளுக்குச் செய்தி அனுப்பினார்.

விடியும் வரை காத்திருக்க வேண்டியதில்லை, ஜோடி சேர்ப்பதைக் கையாலும் ஓட்டலாமாம். பூட்டு ஓட்டினார். நான் கைபேசியைப் பார்க்கக் கூடாது என்று ஜன்னல் பக்கம் திரும்பினேன். வெளியே ஜெராக்ஸ் கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கிக்கொண்டிருந்தார்.

மணி அடித்தது. ஒரே ஒரு தடவை, சின்னதாக.

பூட்டுதான் கடைசியில் எடுத்தார். 'நீங்கள் தேடுகிறவர் கிடைத்துவிட்டார்' என்று இருந்தது. அதற்குக் கீழே அவள் எழுதி வைத்த சேதி. அவரால் படிக்க முடியாமல் மேடத்திடம் நீட்டினார். மேடம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, குரல் பிசகாமல், ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தார்.

"தம்பி, நான் கடுகு. நல்லா இருக்கேன். விழுந்தடிச்சு ஓடி வராதே. செருப்பு போட்டுக்கிட்டு, வழியைப் பாத்து, நிதானமா வா. நீ வர்ற வரைக்கும் நான் எங்கேயும் போக மாட்டேன்."

அப்போதுதான் பூட்டு அழுதார். மேஜையில் தலையை வைத்துக்கொண்டு, சின்னப் பிள்ளை அழுவது போல அழுதார். மைனா அவர் முதுகில் கை வைத்தார். வாய்க்கு வாய் பேசுகிற நான் படிக்கட்டில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

திரும்பி வந்தபோது அவர் முகத்தைக் கழுவியிருந்தார். சேதிக்குக் கீழே 'வருகிறேன்' என்று ஒரு பொத்தான் இருந்தது. முதன்முதலில் செயலியை எழுதியபோது அவரே வைத்த பொத்தான். அதை அழுத்தினார். குனிந்து, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டார். வால், நீயும் கூடப் போ என்றார் மேடம்.

முகாமில் அலமாரியின் மேல்தட்டில் ஒரு கைபேசி ஒளிர்ந்து மணி அடித்ததாக நர்ஸ் அப்புறம் எங்களிடம் சொன்னார். அதை அவர் இன்னும் சார்ஜில்தான் போட்டு வைத்திருந்தார்.